துணி போர்த்துவதற்கு முன்: கராஜில் ஒரு பீட்டன்பால் விமானம்

பீட்டன்பால் ஏர் கேம்பர், இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்காரும் திறந்த காக்பிட் விமானம். தலைக்கு மேலே ஒற்றை இறக்கை. மினசோட்டா மாநிலத்தின் தென்கோடியில் செர்ரி குரோவ் என்ற சிற்றூரில் பெர்னார்ட் பீட்டன்பால் என்ற மெக்கானிக் 1920-களின் கடைசியில் வடிவமைத்தது. நான் இருக்கும் ராச்செஸ்டரிலிருந்து காரில் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் அந்த ஊருக்குப் போய்விடலாம். அவருடைய வரைபடத்தை வைத்து வீட்டு கராஜில் ஓர் ஏர் கேம்பர் கட்டிக்கொண்டிருக்கிறேன். மரவேலை முடிந்துவிட்டது. உலோக இணைப்புகளும் கேபிள்களும் பொருத்தியாகிவிட்டது. அடுத்து இந்த மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்த வேண்டும். போர்த்திவிட்டால் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி இனி வருடக்கணக்கில் கண்ணில் படாது. அப்படி மறையப்போகிற வேலைகளைப் பற்றி, அவை கண்ணெதிரே இருக்கும்போதே எழுதிவிட நினைக்கிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. அந்தக் காலத்தில் விமான எஞ்சின் சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலையில் இல்லை. ஃபோர்ட் கார் எஞ்சினோ எங்கும் கிடைத்தது. பீட்டன்பால் அதைத் தேர்ந்துகொண்டார். மாடல் ஏ எஞ்சின் பூட்டிய அவருடைய விமானம் 1929-இல் பறந்தது. கார் எஞ்சின் விமானத்துக்கு உதவாது என்பது மாடர்ன் மெக்கானிக்ஸ் பத்திரிகை ஆசிரியர் வெஸ்டி ஃபார்மரின் கட்சி. பீட்டன்பால் 1930 ஏப்ரலில் தன் விமானங்கள் இரண்டை மினியாபோலிஸுக்கே ஓட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பிறகு அதே பத்திரிகைதான் அவருடைய வரைபடங்களை வெளியிட்டது. 1933-34-இல் ஆரின் ஹூப்மன் திருத்தி வரைந்த தாள்கள்தான் இன்றைக்கும் கட்டுகிறவர்கள் கையில் இருப்பவை. அவற்றை பீட்டன்பால் குடும்பத்தாரே விற்கிறார்கள்.

கிட் வாங்கினால் வெட்டிய பாகங்கள் பெட்டியில் வந்துவிடும். வரைபடம் வாங்கினால் வருவது தாள் மட்டும். எந்த மரம், எங்கே வாங்குவது, எந்தப் பசை, எந்த வரிசையில் கட்டுவது என்று எல்லாவற்றையும் நாமே முடிவு செய்ய வேண்டும். எனக்கு இதுதான் பிடித்திருந்தது. அமெரிக்கச் சட்டமும் இடம் கொடுக்கிறது. விமானத்தின் பெரும்பகுதியைத் தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தானே கட்டியவர், அதை எக்ஸ்பெரிமெண்டல், அதாவது சோதனை விமானம் என்ற வகையில் பதிந்து பறக்கலாம். 51 சதவீத விதி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கட்டியது நாம்தான் என்று காட்டப் பதிவேடும் புகைப்படங்களும் வேண்டும். அதனால் பசை காய்வதற்குள் படம் எடுக்கும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வந்துவிட்டது.

மரத்துக்கு வருகிறேன். இறக்கையின் ஸ்பார், அதாவது இறக்கையின் நீளத்துக்கு ஓடும் முதுகெலும்புச் சட்டம், சிட்கா ஸ்ப்ரூஸ். அலாஸ்காவிலிருந்து வட கலிபோர்னியா வரை பசிபிக் கரையோரம் வளரும் மரம் அது. எடைக்கு எடை பார்த்தால் அதன் பலம் மிக அதிகம். ஆனால் ஸ்ப்ரூஸ் என்ற பெயர் மட்டும் போதாது. அங்குலத்துக்குக் குறைந்தது 6 ஆண்டு வளையங்கள் இருக்க வேண்டும். நார் ஓட்டம் பலகையின் ஓரத்தை விட்டு விலகினால், 15 அங்குல நீளத்துக்கு 1 அங்குலத்துக்கு மேல் விலகக் கூடாது. வளையத்தைக் கண்ணால் எண்ணிவிடலாம். நார் ஓட்டம் ஏமாற்றும். பலகையில் தெரியும் கோடுகள் ஒரு பக்கமும் உண்மையான நார் வேறு பக்கமும் போவதுண்டு. ஒரு துளி பேனா மையைப் பலகையில் விட்டுப் பார்ப்பேன். மை நாரின் வழியாகத்தான் ஊறும். ஓரத்துக்கு இணையாக ஊறினால் பலகை நல்லது. சந்தேகம் தீரவில்லை என்றால் பலகையின் முனையில் ஒரு துண்டை வெட்டி உளி வைத்துப் பிளந்து பார்க்கலாம். பிளவு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுதான் நார்.

இன்னொன்றையும் தேட வேண்டும். மரம் நின்றபோது புயலில் வளைந்ததாலோ, வெட்டும்போது மோசமாக விழுந்ததாலோ நார்கள் உள்ளுக்குள் நசுங்கியிருக்கலாம். மேற்பரப்பில் நாருக்குக் குறுக்கே முடி போன்ற மெல்லிய சுருக்கக் கோடாக அது தெரியும். நேர் வெளிச்சத்தில் தெரியாது. இருட்டிய பிறகு டார்ச்சைப் பலகையோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சம் தரையோடு ஓடுவது போல அடிக்க வேண்டும். ஸ்பாருக்கு வாங்கிய ஒவ்வொரு பலகையையும் நான்கு முகமும் அப்படிப் பார்த்தேன். சின்ன கணு இருந்தால், எங்கே, எவ்வளவு என்று பார்த்து ஏற்றுக்கொள்ள வழி உண்டு. இந்தக் கோடு இருந்தால் அந்தப் பலகை ஸ்பாருக்கு ஆகாது. டக்ளஸ் ஃபரும் நல்ல மரம், ஸ்ப்ரூஸுக்குப் பதிலாக அதே அளவில் போடலாம். பலம் கூடுதல், கனமும் கூடுதல். கையில் காசு குறைவாகவும் பொறுமை அதிகமாகவும் இருப்பவர்களுக்கு அதையே சொல்வேன்.

ரிப்களைத்தான் முதலில் செய்தேன். ரிப் என்பது இறக்கையின் குறுக்குவெட்டு. முன் நுனியிலிருந்து பின் நுனி வரை 60 அங்குலம். கால் அங்குலத்துக்கு அரை அங்குலம் அளவில் இழைத்த மெல்லிய சட்டங்களை வளைத்துக் கட்டுவது. வரைபடத்தோடு ரிப்பின் முழு அளவுப் படம் வருகிறது. அதைப் பலகையில் ஒட்டுவதற்கு முன் இரும்பு அளவுகோலால் நீளம் பார்த்தே ஆக வேண்டும். காகிதம் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப நீளும், சுருங்கும். படத்தின் மேல் மெழுகுத்தாள் விரித்து, கோட்டின் இரு பக்கமும் சிறு கட்டைகளை அறைந்தால் அச்சு தயார். மேல் சட்டத்தின் மூக்குப் பகுதி வளைவு அதிகம். அதைச் சுடுநீரில் ஊறவைத்து, தனி அச்சில் வளைத்துக் கட்டி, நன்றாகக் காயவிட்ட பிறகுதான் பசை பக்கம் கொண்டுபோக வேண்டும். சட்டங்கள் சந்திக்கும் ஒவ்வொரு மூலையிலும் 1/16 அங்குல பிளைவுட் துண்டு ஒன்று ஒட்டும். கஸெட் என்பார்கள். ஒரு பக்கம் காய்ந்ததும் அச்சிலிருந்து எடுத்துத் திருப்பிப் போட்டு மறுபக்கம் ஒட்ட வேண்டும். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து ஒரு மணி நேரம் கிடைத்தால் ஒரு பக்கம் முடியும். அதனால்தான் ரிப்பில் தொடங்குவது நல்லது என்கிறேன். செலவு குறைவு, இடம் குறைவு, இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும்.

இனி பசை. இந்த விமானம் முழுக்கப் பசையை நம்பித்தான் நிற்கிறது. அந்தக் காலத்தில் பாலிலிருந்து எடுத்த கேசின் பசை. நான் பயன்படுத்துவது டி-88 என்ற எப்பாக்ஸி. இரண்டு குப்பிகளிலிருந்தும் சம கன அளவு எடுத்துக் கலக்க வேண்டும். எடை போட்டுக் கலப்பவர்கள் கவனிக்க வேண்டியது, எடையில் விகிதம் சமம் இல்லை. எப்பாக்ஸியை கிளாம்ப் போட்டு முறுக்கி நசுக்கக் கூடாது. பசை முழுக்கப் பிதுங்கி வெளியே வந்து இணைப்பு பட்டினி கிடக்கும். ஓரத்தில் ஒரே சீராகக் கொஞ்சம் பிதுங்கினால் போதும். ரிசார்சினால் என்ற இன்னொரு வகை மரப்பசைக்கு இது நேர்மாறு. அதற்கு இடைவெளியே இல்லாத இணைப்பும் பலமான அழுத்தமும் வேண்டும். ஒன்றின் பழக்கத்தை மற்றதற்குக் கொண்டுபோனால் இரண்டுமே கெடும்.

ஒட்டும் முகத்தை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குவது பலரும் செய்வது. மென்மரத்தில் அது தவறு. தூள் போய் நார்த்துளைகளை அடைத்துவிடும். கூரான இழைப்புளி சீவிய முகம்தான் பசைக்கு உகந்தது. மழுங்கிய கத்தி அதையும் கெடுக்கும். மரத்தைச் சீவாமல் தேய்த்து, மேலே பளபளவென்று ஒரு தோல் போல ஆக்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு சொட்டு நீரை விட்டால் நல்ல முகத்தில் உடனே பரவி ஊறும். பளபளப்பேறிய முகத்தில் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நிற்கும். ஆலையில் இழைத்து வந்த ஒரு கட்டுச் சட்டங்களில் நீர் அப்படித்தான் நின்றது. அத்தனையையும் மறுபடி லேசாகச் சீவிய பிறகே எடுத்தேன்.

இவ்வளவு செய்தும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஒட்டிய இணைப்புக்குள் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெளியே பார்க்க எல்லா இணைப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நன்றாகப் பிடித்ததும் பிடிக்காததும் கண்ணுக்கு ஒன்றே. அதற்குத்தான் சாட்சித் துண்டு. ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும், அன்றைய வேலைக்கு எடுத்த அதே மரத்தின் மிச்சத் துண்டுகளை அதே பசையால் ஒட்டி இரண்டு மாதிரிகள் செய்து வைப்பேன். தேதி, கராஜின் வெப்பநிலை, அன்று எந்தப் பாகத்தை ஒட்டினேன் என்ற விவரம் மூன்றையும் பென்சிலால் அதன் மேலேயே எழுதிவிடுவேன். காய்ந்த பிறகு ஒன்றை வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்து உடைப்பேன். உடைந்த முகத்தைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். பசைக் கோட்டுக்குப் பக்கத்தில் மரமே கிழிந்து, இரண்டு பாதியிலும் சிராய் சிராயாக நார் ஒட்டியிருந்தால் அன்றைய பசை நல்லது. மரம் கிழியாமல், பசை மட்டும் கண்ணாடி போல வழுவழுவென்று பிரிந்து வந்தால், அன்று ஒட்டியது எல்லாம் குப்பைக்குப் போக வேண்டியதுதான். இரண்டாவது மாதிரியை உடைக்காமல் பெட்டியில் போட்டு வைக்கிறேன்.

மினசோட்டா குளிரில் இது இன்னும் முக்கியம். டி-88 மற்ற எப்பாக்ஸிகளைவிடக் குளிரைத் தாங்கும். ஆனாலும் குளிரக் குளிரக் காய்வது மெதுவாகும், பசை கெட்டித்துக் கலப்பதும் சிரமம். ரெசின் நீண்ட நாள் குளிரில் இருந்தால் தேன் உறைவது போல வெண்மையாகக் கலங்கும். குப்பியை வெந்நீரில் வைத்துத் தெளிந்த பிறகே அளந்தேன். ஜனவரியில் ஒட்டிய பாகங்களை வீட்டுக்குள் கொண்டுவந்து சாப்பாட்டு அறை ஓரமாகக் காயவைத்தோம்.

ஸ்பார் வேலையில் நேரம் பிடித்தது துளை போடுவது. 4¾ அங்குல உயரமுள்ள அந்தச் சட்டத்தில், இறக்கையைத் தாங்கும் ஸ்ட்ரட்டும் உடலும் வந்து சேரும் இடங்களில் போல்ட் துளைகள். துளை அகன்றுவிட்டால் போல்ட் ஆடும், ஆட ஆட மரம் நசுங்கும். அதனால் இரும்பு இணைப்பையே வழிகாட்டியாக வைத்து, கொஞ்சம் சிறிய அளவில் துளையிட்டு, கடைசியில் ரீமரால், அதாவது துளையை நுணுக்கமாகச் சீவி அகலப்படுத்தும் கருவியால், அளவுக்குக் கொண்டுவர வேண்டும். துளையின் உள்சுவரில் வார்னிஷ் ஊற வேண்டும். மரத்துக்கு எதிரி தண்ணீர்தான். அது புகுவதற்குப் பிடித்த வழி நார்முனை. ஸ்பாரின் இரு நுனிகளிலும் வார்னிஷ் உறிஞ்சுவது நிற்கும் வரை திரும்பத் திரும்பப் பூசினேன். நட்டுக்கு அடியில் அகலமான வாஷர் போட்டால்தான் முறுக்கும்போது மரம் அமுங்காது. விமானங்களுக்கான ஏஎன் வகை போல்ட்டில் மரைக்கு முன்னால் வரும் வழவழப்பான தண்டுப் பகுதிதான் மரத்துக்குள்ளும் இணைப்புக்குள்ளும் இருக்க வேண்டும். மரை அங்கே உட்காரக் கூடாது. இதற்காக ஒவ்வோர் இடத்துக்கும் போல்ட் நீளத்தைத் தனித்தனியே அளந்து வாங்கினேன்.

இணைப்புகள் எல்லாம் 4130 குரோம்-மாலிப்டினம் எஃகுத் தகடு. ரம்பத்தால் வெட்டி, அரத்தால் ராவி, ஓரங்களைப் பளபளப்பாக்கினேன். ஓரத்தில் ஒரு கீறல் விட்டால் விரிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். வெல்டிங் மட்டும் தெரிந்தவர் பக்கத்தில் இருந்து பார்க்கக் கற்றுக்கொண்டு செய்தது. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இறக்கையை நேராக்கும் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு ஸ்பார்களிலும் ரிப்களைக் கோத்து, நடுநடுவே குறுக்குச் சட்டங்கள் வைத்தால் இறக்கை பல கட்டங்களாகப் பிரியும். ஒவ்வொரு கட்டத்திலும் மூலைக்கு மூலை இரண்டு கம்பிகள் குறுக்கே ஓடும். அவற்றின் நடுவில் முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள் இருக்கும். ஒரு நீளக் கழியில் இரண்டு ஊசிமுனைகளைப் பொருத்தி, ஒரு மூலைவிட்டத்தின் நீளத்தை எடுத்து, அதே கழியை மற்ற மூலைவிட்டத்தில் வைக்க வேண்டும். இரண்டும் ஒன்றானால் கட்டம் செங்கோணம். மூலைமட்டம் வைத்துப் பார்ப்பதைவிட இது நுட்பமானது. உடலோடு சேரும் பக்கத்திலிருந்து தொடங்கி நுனியை நோக்கிப் போக வேண்டும். அடுத்த கட்டத்தை இறுக்கும்போது முந்தையது கொஞ்சம் அசையும், திரும்பப் போய்ச் சரிபார்க்க வேண்டும். அவசரம் காட்டினால் வேலை முடியவே முடியாது. பென்சில் கோட்டின் தடிமனுக்குள் எல்லாக் கட்டமும் வந்த பிறகு ஸ்பாரின் ஓரமாகக் கண்ணை வைத்துப் பார்த்தேன். நுனி வரை கோடு போட்டது போல இருந்தது. டர்ன்பக்கிளின் பீப்பாய்க்கு வெளியே மூன்று மரைக்கு மேல் தெரியாமல் பார்த்து, அவிழாதபடி மெல்லிய கம்பியால் கட்டினேன்.

எஞ்சின் பற்றி ஒரு முடிவும் இங்கே வர வேண்டும். ஃபோர்ட் மாடல் ஏ எஞ்சினோடு பறக்கும் ஏர் கேம்பர்களைப் பார்த்தால் மனசு அதற்கே போகிறது. முன்னே நிமிர்ந்து நிற்கும் ரேடியேட்டரோடு அதன் அழகே தனி. ஆனால் நான் எடுத்திருப்பது 65 குதிரைசக்தி கான்டினென்டல் ஏ-65. தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ இரண்டு, காற்றால் குளிர்வது. கனமும் 170 பவுண்டுதான். அந்தக் கனக் குறைவில் ஒரு சிக்கல் இருக்கிறது. மூக்கு லேசானால் விமானத்தின் ஈர்ப்பு மையம் பின்னால் போகும். இந்த விமானத்தில் விமானி உட்காருவது பின் இருக்கையில், அதாவது மையத்துக்கு வெகு பின்னால். பயணி உட்காரும் முன் இருக்கை இறக்கைக்கு அடியில் இருப்பதால் அவர் வந்தாலும் போனாலும் பெரிய மாற்றமில்லை. ஆக, விமானி கனமானவராக இருந்தால் வால் கனம் கூடும். இறக்கையின் முன் விளிம்பிலிருந்து 15 முதல் 20 அங்குலத்துக்குள் மையம் விழ வேண்டும். அதைத் தாண்டிப் பின்னால் போனால், வேகம் குறைந்து இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும்போது மூக்கைக் கீழே கொண்டுவர முடியாமல் போகலாம்.

கட்டுகிறவர்கள் இதற்குக் கண்ட வழி, இறக்கையைத் தாங்கும் நடுக்கால்களைக் கொஞ்சம் பின்பக்கம் சாய்த்து, இறக்கையையே மூன்று நான்கு அங்குலம் பின்னுக்குத் தள்ளுவது. விளிம்பு பின்னால் வந்தால் மையம் அந்த விளிம்புக்குக் கணக்கில் முன்னால் வந்துவிடும். நானும் அதையே செய்திருக்கிறேன், எஞ்சின் தாங்கியையும் நீட்டியிருக்கிறேன். இவை ஏற்கெனவே பறந்து நிரூபணமான மாற்றங்கள். மற்றபடி வரைபடத்தில் இல்லாத எதையும் நான் சேர்க்கவில்லை. தடிமனான சட்டம் போட்டால் நல்லதுதானே என்று தோன்றும் ஒவ்வோர் இடத்திலும் சில அவுன்ஸ் கூடும், வால் பக்கம் கூடினால் மேலே சொன்ன கணக்கு மோசமாகும். கடைசியில் மூன்று சக்கரங்களுக்கு அடியிலும் தராசு வைத்து எடை போடும்போதுதான் உண்மை தெரியும்.

போன வாரம் ஈஏஏ, அதாவது அமெரிக்கச் சோதனை விமானக் கட்டுநர் சங்கத்தின் தொழில்நுட்ப ஆலோசகர் ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற விமான மெக்கானிக். இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது, தன்னார்வமாக வருகிறார்கள். துணி போர்த்துவதற்கு முன் கட்டாயம் அழைக்க வேண்டியவர் என்றே நான் சொல்வேன். கையில் டார்ச்சும் நீளக் கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியும் கொண்டுவந்து, ஒவ்வொரு நட்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார். கழலாமல் இருக்க ஊசி போட வேண்டிய நட்டில் ஊசி இருக்கிறதா, கேபிள் கப்பியை விட்டு நழுவாமல் காவல் இருக்கிறதா என்று ஒன்றையும் விடவில்லை. பிறகு சாட்சித் துண்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பதிவேட்டைப் புரட்டி, நடுக்குளிர் காலத்துத் தேதி ஒன்றைத் தானே பொறுக்கி, அதன் உடைக்காத துண்டை எடுத்து என் வைஸில் பிடித்து அடித்தார். மரம் நீளவாக்கில் கிழிந்தது, பசைக் கோடு அப்படியே இருந்தது. இரண்டு பாதியையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்த பாகத்துக்குப் போனார்.

அவர் சொல்லிவிட்டுப் போனது ஒரு யோசனை. துணி இறுகும்போது ரிப்கள் பக்கவாட்டில் வளையப் பார்க்கும், அதனால் ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாகப் பட்டை நாடாவால் ரிப்களைக் கோத்துக் கட்டிவிட்டு, ஏலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்) கேபிளுக்கும் ரிப்புக்கும் உள்ள இடைவெளியை மறுபடி அளந்துகொள்ளச் சொன்னார். நாடா கட்டி முடித்தாகிவிட்டது, இடைவெளி போதுமானதாகவே இருக்கிறது.

துணி பாலியெஸ்டர். சட்டத்தோடு ஒட்டிய பிறகு இஸ்திரிப் பெட்டியால் முதலில் 250 ஃபாரன்ஹீட்டிலும் பிறகு 350-இலும் தேய்த்தால் சுருங்கி மத்தளம் போல் இறுகும். 350-ஐத் தாண்டினால் இறுகியது தளர்ந்துவிடும். பெட்டியின் குமிழில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல், வெப்பமானி வைத்துப் பார்த்துக் குமிழில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பிறகு ஒவ்வொரு ரிப்போடும் துணியை நூலால் தைக்க வேண்டும். பறக்கும்போது இறக்கையின் மேல்பக்கத் துணியைக் காற்று மேலே இழுக்கும், அதைப் பிடித்து வைப்பது இந்தத் தையல்தான். புரொப்பெல்லர் காற்று அடிக்கும் பகுதியில் இன்னும் நெருக்கமாகத் தைக்க வேண்டும். முடிச்சு போடுவதில் என் மனைவிக்குக் கை நன்றாக வந்திருக்கிறது. ஒரு பழைய ரிப்பில் துணி கட்டி, நீள ஊசியும் மெழுகு நூலும் வைத்துப் பழகிவருகிறார்.

துணியை ஒட்டும் பசையான சிமெண்டும் பூச்சும் எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான் கலந்தவை. கராஜை ஹீட்டர் போட்டுச் சூடாக்கி, கதவை மூடிக்கொண்டு செய்யும் வேலை இல்லை. மே மாதம் கதவைத் திறந்து வைக்கும் அளவுக்குக் குளிர் விட்டதும் சுக்கானில் ஆரம்பிக்கிறோம். சிறியது, தட்டையானது, பிடிக்கவில்லை என்றால் துணியை உரித்துவிட்டு மறுபடி போர்த்தலாம். இறக்கைகள் கடைசியில்.